கிடந்த படமும் நின்ற படமும்



திருவனந்தபுரத்தில் அனந்தபத்மநாபன் கிடந்த கோலத்தில் எழுந்தருளியிருக்கிறான். அந்நீண்ட திருமேனியை ஒரு வாயிலில் முழுதும் காண இயலாது; ஆதலின் மூன்று வாயில்களின் வழியே வணங்குகிறோம். தெற்கே நெய்யாற்றின்கரையிலோ, கண்ணன் வெண்ணெய் ஏந்தி நிற்கிறான். அவனைக் காண ஒரு வாயிலே போதும். உருவத்திற்கேற்ற சட்டம் வேண்டும் என்பது இப்பகுதியினர்க்குப் பழகிய உண்மை. இன்று சுவரில் தொங்கும் தொலைக்காட்சிப் பெட்டியைக் கிடத்துவதா, நிறுத்துவதா என்னும் வினாவும் அதுவே.

பனையோலை அகலத்தில் குறுகியது. ஆதலால் எழுத்துகள் கிடையாக நீண்டு ஓடின. பத்மநாபன் கோயிலின் மதிலக ஓலைகள் இதற்குச் சான்று. தாள் வந்தபின் நூல் நிமிர்ந்து நின்றது. 1894இல் கிளிமானூர் இரவிவர்மா பம்பாயில் அச்சகம் நிறுவினார். அவர் தீட்டிய திருமகளும் கலைமகளும் அச்சுப் படங்களாகி, எண்ணற்ற இல்லங்களின் சுவர்களில் நிமிர்ந்த சட்டங்களில் இடம் பெற்றனர்.

அச்சுவரைக் கிடத்தியது திரைப்படம். எடிசனின் ஆய்வுக்கூடத்தில் 1890களில் உருவான படச்சுருளில், அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு என்னும் அளவு அமைந்தது. அகத்தீசுவரத்து ஜே. சி. டேனியல் தம் நிலத்தை விற்று எடுத்த ‘விகதகுமாரன்’ என்னும் ஊமைப்படத்தின் வாயிலாக, மலையாளத் திரையுலகும் அக்கிடந்த சட்டத்தினுள் புகுந்தது. இரஷ்ய இயக்குநர் ஐசன்ஸ்டைன் 1930இல், நிமிர்ந்த காட்சிகளுக்கும் இடமளிக்கும் சதுரத் திரை வேண்டுமென வாதாடினார். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. தில்லியில் 1959இலும், சென்னையில் 1975இலும், பிறகு திருவனந்தபுரத்திலும் தொடங்கிய தொலைக்காட்சி அந்த 4:3 அளவையே மேற்கொண்டது. பின்னர் 16:9 ஆகி, மேலும் அகன்றது.

இப்போது கைப்பேசி மீண்டும் படத்தை நிறுத்திவிட்டது. ஒரு கையால் பிடிப்பதற்கு அதுவே எளிது. நிமிர்ந்த படத்தைக் கிடந்த பெட்டியில் இட்டால், திரையில் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்புவதில்லை. இருபுறமும் இருளே எஞ்சும். பெட்டியைத் திருப்பி நிறுத்தினால், அதே முகம் மூன்று மடங்கிற்கும் மேலான பரப்பில் தோன்றும். கொரிய நாட்டுச் சாம்சங் நிறுவனம் 2019இல், தானே எழுந்து நிற்கும் ‘செரோ’ என்னும் பெட்டியை வெளியிட்டது. கொரிய மொழியில் அச்சொல்லுக்குச் செங்குத்து என்பது பொருள்.

ஏனைய பெட்டிகளைச் சுழலும் தாங்கியில் மாட்டலாம். 43 அங்குலப் பெட்டியின் மூலைவிட்டம் ஏறக்குறைய 109 சென்டிமீட்டர். ஆதலின் நடுப்புள்ளியைச் சுற்றி எல்லாப் பக்கமும் 55 சென்டிமீட்டருக்கும் சற்று மேலாக இடம் விடவேண்டும். கம்பிகள் தளர்வாக இருத்தல் வேண்டும். நிமிர்த்திப் பயன்படுத்தலாமா என்பதைக் கையேட்டில் பார்த்தல் நன்று. பெட்டி திரும்பினாலும் படம் தானே திரும்பாது. அதனை இணைத்த கருவியில் திருப்பிக்கொள்ள வேண்டும்.

இத்துணைத் தொல்லை எதற்கு என்பீர்கள். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அன்றுமுதல் பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே எல்லை. எல்லைக்கு வடக்கே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் தமிழ் பெரிதும் வீட்டு மொழியாகவே வாழ்கிறது. அதனை மூத்தோர் வாயிலிருந்தே கேட்கவேண்டும்.

மும்பையிலோ பெங்களூரிலோ வளரும் உங்கள் பிள்ளைகளுக்கு, ஊரிலிருந்து பாட்டி பேசி அனுப்பும் படம் பெரும்பாலும் நிமிர்ந்த படமே. அவள் இதழசைவையும் முகக்குறிப்பையும் கண்டால்தான் அவ்வூர்ச் சொற்கள் பிள்ளைகள் மனத்தில் பதியும். இருளுக்கு இடையே சிறுத்த உருவாக அவளைக் காட்டாதீர்கள். அவள் பேசும் அந்தச் சிறிது நேரத்திற்கேனும் பெட்டியை நிறுத்தி வையுங்கள்.