வேரும் வேலியும்: வெட்டிவேரின் இரு வரலாறுகள்

இந்திய இலக்கியங்களிலும் அரசவை ஆவணங்களிலும் வெட்டிவேர் பெரும்பாலும் மண்ணிலிருந்து அகழப்பட்ட பின்னரே இடம்பெறுகிறது. காளிதாசரின் சாகுந்தலத்தில் அது உடல்வெம்மை தணிக்கும் உசீரப் பூச்சு. அபுல் ஃபசலின் அயினி அக்பரியில் அது மூங்கில் சட்டத்தில் அடைக்கப்பட்டு நீர் தெளிக்கப்படும் 'கஸ்கானா'. அந்நூல் அதனை அக்பரின் புத்தாக்கமாகவே குறிப்பிடுகிறது. காலனியக் காலத்துப் பங்களாக்களில் அது வாயில்களை மறைத்த ஈரத் தட்டி. பிரெஞ்சு, ஆங்கிலம் முதலிய மொழிகள் ஏற்றுக்கொண்ட பெயர்கூட வெட்டியெடுக்கப்படும் வேரைச் சுட்டும் தமிழ்ச் சொல்லே.

ஆனால் இப்புல்லுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது வேரை அகழாமல், தூரை நிலத்திலேயே நிலைக்கவிட்டவர்களின் வரலாறு.

கருநாடகத்தின் குண்டுலுப்பேட்டைப் பகுதியில் உழவர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக வெட்டிவேரை வயல் எல்லையில் வரிசையாக நட்டு வந்துள்ளனர். ஆண்டு முழுவதும் பசுமை மாறாத இப்புல், வறட்சியிலும் தூர் அழியாமல் நிற்கும். முற்றிய தாளைக் கால்நடைகள் விரும்புவதில்லை. தென்னிந்திய வகை முளைக்கும் விதை தருவதில்லை, வேர்த்தண்டால் பரவுவதுமில்லை. ஆகவே நட்ட கோட்டைவிட்டு அது நகர்வதில்லை. அண்டை வயலோடு பூசல் எழாமல் காக்கும் எல்லைக்கு இதைவிடப் பொருத்தமான செடி அரிது.

எல்லைக்காக நடப்பட்ட இவ்வரிசை, சரிவுக்குக் குறுக்கே அமைந்த இடங்களில் மண்ணையும் காத்தது. நெருங்கிய தூர்கள் மழைநீரின் வேகத்தைத் தணித்து, வண்டலைத் தடுத்து, நீரை மட்டும் மெல்லக் கசியவிடும். செங்குத்தாக இறங்கும் வேர்கள் நல்ல மண்ணில் 3 மீட்டர் ஆழம் வரையிலும் செல்லும். ஆதலால் அருகிலுள்ள பயிரோடு அவை அதிகம் போட்டியிடுவதில்லை.

அரசின் மண்காப்புக் கொள்கையோ வேறு திசையில் சென்றது. 1942ஆம் ஆண்டின் பம்பாய் நில மேம்பாட்டுத் திட்டச் சட்டம் தொடங்கிப் பல பத்தாண்டுகள் சமவுயர மண்வரப்புகளே முதன்மை பெற்றன. வரப்பு பொறியாளரின் அளவீட்டுக்குள் அடங்கியது. உழவரின் புல்வரிசை அடங்கவில்லை.

1980களில் உலக வங்கியின் வேளாண் வல்லுநர்களான ரிச்சர்டு கிரிம்ஷாவும் ஜான் கிரீன்ஃபீல்டும் இந்தியாவில் வெட்டிவேர் வேலியைப் பரிந்துரைத்தனர். கிரீன்ஃபீல்டுக்கு இம்முறை 1950களில் ஃபிஜியின் கரும்புத் தோட்டங்களில் பழகியது. ஃபிஜி அனுபவத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்த இப்பரிந்துரைக்கு முன்பே, குண்டுலுப்பேட்டையில் அப்புல் வேலியாக நின்றிருந்தது. 1993இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் வெட்டிவேர் குறித்துத் தனிநூல் வெளியிட்டபோது இந்தியப் புல் உலகளாவிய தொழில்நுட்பமாயிற்று. தெற்காசியாவுக்கு வெளியே பயிரிடப்படும் வெட்டிவேரில் பெரும்பகுதி மரபணு வகையில் ஒரே குருத்துவழியைச் சேர்ந்தது என்பதை 1998ஆம் ஆண்டின் டி.என்.ஏ. ஆய்வு காட்டியது. விதையற்ற புல் தானாகக் கடல் கடப்பதில்லை. அதன் தூரைப் பிரித்து எடுத்துச் சென்ற கைகள் பலவற்றின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

வளர்ப்பு முறையும் அக்கைகளின் அறிவே. தூரைப் பிரித்து, தாளை ஒரு சாண் அளவுக்கு நறுக்கி, மழைக்காலத் தொடக்கத்தில் 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நட வேண்டும். இடைவெளி விழுந்த இடத்தில் நீர் அறுத்துக்கொண்டு ஓடும். ஆகவே பட்டுப்போனவற்றை உடனே மாற்ற வேண்டும். இரண்டு மூன்று பருவங்களில் வேலி அடர்ந்துவிடும். வீட்டுத் தோட்டத்தின் சரிவான ஓரத்துக்கும் இதே முறைதான்.

இவ்விரு வரலாறுகளும் ஒன்றோடொன்று முரண்படுபவை. வேருக்காக அகழ்ந்தால் மண் இளகும். மண்ணுக்காக விட்டால் வேர் விற்பனைக்கு வராது. சந்தைக்கும் அரசவைக்கும் சென்றது ஏட்டில் ஏறியது. நிலத்தில் நின்றது ஏறவில்லை. வேளாண் வரலாற்றை ஆவணங்களிலிருந்து மட்டும் எழுதும்போது, விற்கப்படாத அறிவு விடுபட்டுப் போகிறது. அதனைத் தேட வேண்டிய இடங்களுள் வயல் எல்லையும் ஒன்று.