ஆறாப் புண் ஆறிய வரலாறு

வலியை மனிதனின் பகை என்றே உலகம் கருதி வந்திருக்கிறது. ஆனால் அதுவே உடலின் காவலன் என்னும் உண்மையை, காலில் ஆறாப் புண்ணோடு வாடிய நோயாளரிடமிருந்து மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது.

நீரிழிவு முற்றியவரின் உள்ளங்காலில் தோன்றும் புண் மாதக்கணக்கில் ஆறாது, சீழ் பிடிக்கும், எலும்பையும் அரிக்கும், முடிவில் காலையே வெட்டியெடுக்க நேரும். 1887ஆம் ஆண்டில் டேவிஸ் பிரைஸ் என்னும் ஆங்கில மருத்துவர், நீரிழிவுற்ற ஒருவரின் இரு பாதங்களிலும் இருந்த புண்களை நரம்புக் கோளாற்றோடு தொடர்புபடுத்தி எழுதினார். அதன் முழுப் பொருளும் விளங்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

1922ஆம் ஆண்டில் டொரண்டோ நகரில் முதல் நோயாளிக்கு இன்சுலின் செலுத்தப்பட்டது. அதன்பின் நீரிழிவுற்றோர் பல்லாண்டு வாழ்ந்தனர். வாழவே, காலழுகலும் பெருகிற்று. பாஸ்டன் நகர மருத்துவர் எலியட் ஜாஸ்லின் 1934ஆம் ஆண்டில் இதுகுறித்து எச்சரித்தார். தூய்மையும் காலைப் பேணுதலும் உடனடி மருத்துவமும் இருப்பின் இக்கேட்டைப் பெரிதும் தடுக்கலாம் என்று வற்புறுத்தினார்.

வேலூர் தந்த விடை

புண் ஏன் ஆறவில்லை என்னும் வினாவிற்குத் தெளிவான விடை, வேலூரில் தொழுநோயாளரிடையே கிடைத்தது. கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, 1946ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் சதை இயல்பாகவே கெட்டது, அது ஆறாது என்பதே அந்நாளைய நம்பிக்கை. பிராண்டு கண்டதோ வேறு. காலில் புண் உள்ளவர் நொண்டுவது இயல்பு, அந்நோயாளர் நொண்டவில்லை. கால் மரத்துப்போனதால் புண்ணின் மீதே ஊன்றி நடந்தனர். ஒவ்வோர் அடியும் புண்ணைப் புதுப்பித்தது.

இலங்கையின் அறுவை மருத்துவர் மில்ராய் பால் 1930களில் இத்தகைய புண்களுக்கு மாவுக்கட்டு இட்டிருந்தார். பிராண்டும் அம்முறையைக் கையாண்டார். பாதத்தையும் கெண்டைக்காலையும் கட்டு முழுதும் ஒட்டி நிற்பதால், உடலின் பாரம் ஓரிடத்தில் விழாமல் பரவும். கால் ஓய்வு பெற்றது. ஆறாது என்ற புண் ஆறிற்று.

நீரிழிவுக்கும் அதுவே

1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்டு, நீரிழிவால் மரத்த காலுக்கும் இம்முறை பொருந்தும் என்று காட்டினார். 1989ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதனை எண்ணிக்கையாலும் உறுதி செய்தது. நீரிழிவுற்ற 40 பேரில், மாவுக்கட்டு இடப்பட்ட 21 பேருள் 19 பேருக்குப் புண் ஆறிற்று. வழக்கமான மருந்துக்கட்டுப் பெற்ற 19 பேருள் அறுவருக்கே ஆறிற்று.

எனினும் சீழ் கட்டிய புண்ணை அப்படியே மூடிக் கட்டுவது பெருங்கேடு. முதலில் சீழை வடித்து, செத்த சதையை நீக்கி, கிருமிக்கொல்லி மருந்து தரவேண்டும். காலுக்கு இரத்தம் ஓடுகிறதா என்று பார்த்து, குறையிருப்பின் நீக்கவேண்டும். சர்க்கரையையும் அடக்கவேண்டும். இவ்வளவும் செய்தாலும், புண்ணின் மேல் நடப்பதை நிறுத்தாவிடில் பயனில்லை. இதுவே வேலூர் கற்பித்த பாடம்.

மரத்த காலை வலி காவாது. அதனைக் கண்தான் காக்க வேண்டும். நீரிழிவுற்றோர் நாள்தோறும் தம் உள்ளங்காலைப் பார்த்தலும், வெறுங்காலோடு நடவாதிருத்தலும், சிறு கொப்புளத்தையும் உடனே மருத்துவரிடம் காட்டுதலும் அக்காவலேயாம்.