சோழமண்டலக் கரையும் ஷிப்பூர்த் தோட்டமும்

ஹூக்ளி நதியின் மேல்கரையில், ஹௌராவை அடுத்த ஷிப்பூரில் அமைந்துள்ள தாவரவியல் தோட்டம் கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் புதியதன்று. விடுமுறை நாள்களில் கட்டுச்சோற்றுடன் சென்று, பெரிய ஆலமரத்தைக் கண்டு வியந்து, மாலையில் இல்லம் திரும்புகிறோம். ஆயினும், அத்தோட்டத்தின் வரலாற்றில் நம் சோழமண்டலக் கரைக்கும் ஒரு பங்கு உண்டென்பதை நம்முள் அறிந்தவர் சிலரே.

1770-ஆம் ஆண்டில் வங்கத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. பசியால் மடிந்தோர் எண்ணிறந்தோர். கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரியான கர்னல் ராபர்ட் கைடு, பஞ்சகாலத்தில் மக்களுக்கு உதவக்கூடிய சவ்வரிசிப் பனை போன்றவற்றைப் பயிரிட ஒரு தோட்டம் வேண்டுமென 1786-இல் கம்பெனிக்கு எழுதினார். அடுத்த ஆண்டே தோட்டம் தோன்றியது. எனினும் கம்பெனியாரின் கண் இலவங்கம், மிளகு, தேக்கு ஆகிய வாணிகப் பொருள்களின் மீதே இருந்தது. பசிக்கு இரங்கிய உள்ளமும் இலாபம் நாடிய உள்ளமும் சேர்ந்தே இத்தோட்டத்திற்கு வித்திட்டன. நறுமணப் பயிர்கள் பலவற்றிற்கு வங்கத்தின் தட்பவெப்பம் ஒவ்வவில்லை. ஆகவே வாணிகக் கனவு முழுமையாகப் பலிக்கவில்லை. அறிவுச் செல்வமே நிலைத்தது.

அச்செல்வத்தின் ஊற்றுகளுள் ஒன்று நம் தமிழகத்தில் இருந்தது. சுவீடன் நாட்டுத் தாவரவியல் பேரறிஞர் லின்னேயசின் மாணவரான கோனிக் என்பார், 1768-இல் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு வந்து, தென்னாட்டுச் செடிகொடிகளை ஆராய்ந்தார். சென்னை மாகாணத்தில் கம்பெனியின் மருத்துவராகப் பணியேற்ற ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் ராக்ஸ்பரோ அவருடைய நண்பரானார். நாகூரிலும், பின்னர் ஆந்திரக் கரையிலுள்ள சாமல்கோட்டையிலும் வாழ்ந்து தாவர அறிவைப் பெருக்கிக்கொண்ட ராக்ஸ்பரோ, கைடு மறைந்த 1793-ஆம் ஆண்டில் ஷிப்பூர்த் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார். சோழமண்டலக் கரையின் தாவரங்களைப் பற்றி அவர் இயற்றிய நூல் 300 வண்ணப்படங்களுடன் 1795 முதல் மூன்று தொகுதிகளாக இலண்டனில் வெளிவந்தது. கைடின் காலத்தில் ஏறத்தாழ 300 வகைச் செடிகளே இருந்த தோட்டத்தில், 1814-இல் அச்சான பட்டியலின்படி, சுமார் 3,500 வகைகள் இருந்தன.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். ராக்ஸ்பரோ தொகுத்த 2,500-க்கும் மேற்பட்ட தாவர ஓவியங்களைத் தீட்டியவர்கள் இந்திய ஓவியர்களே. இலையின் நரம்பையும் பூவின் இதழையும் பிழையின்றி வரைந்த அக்கைகளுக்குரியோரின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகவில்லை. மண்ணைக் கொத்தி, நாற்றுகளைக் காத்த தோட்டக்காரர்களின் நிலையும் அதுவே. கைடுக்கும் ராக்ஸ்பரோவுக்கும் தோட்டத்தில் நினைவுச்சின்னங்கள் உள்ளன.

பெயரறியாத அவர்களை எண்ணுங்கால், அங்குள்ள ஆலமரமே நினைவுக்கு வருகிறது. 250 ஆண்டுகளுக்கு மேற்பட்டதாகக் கருதப்படும் அம்மரம் 1864, 1867 ஆகிய ஆண்டுகளின் புயல்களால் ஊறுபட்டது. அதன் அடிமரத்தைக் காளான் அரித்தது. 1925-இல் அடிமரமே அகற்றப்பட்டது. இருந்தும் மரம் மாளவில்லை. 3,000-க்கும் மேற்பட்ட விழுதுகள் அதனைத் தாங்குகின்றன. 2020-ஆம் ஆண்டின் ஆம்பன் புயலில் விழுதுகள் சில சாய்ந்தபோதும் மரம் நிலைத்தது. வரலாறும் அத்தகையதே. அடிமரத்தை மட்டுமே நாம் பெயர் சொல்லிப் போற்றுகிறோம். பாரத்தைச் சுமப்பவை விழுதுகள்.

2009-இல் இத்தோட்டத்திற்கு ஆசார்ய ஜகதீச சந்திர போசின் பெயர் சூட்டப்பட்டது. செடிகொடிகளின் உணர்வை ஆராய்ந்த வங்க அறிவியலறிஞருக்கு இது தக்க சிறப்பேயாகும். அங்குச் செல்லும் நம் இளைய தலைமுறையினருக்கு ஆலமரத்தின் அளவை மட்டும் கூறினால் போதாது. தரங்கம்பாடிக்கும் ஷிப்பூருக்கும் இடையே நிலவிய தொடர்பையும், பெயர் மறைந்த ஓவியர்களின் உழைப்பையும் சேர்த்துக் கூறுதல் வேண்டும். பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு, வந்த மண்ணின் வரலாற்றிலும் நம் கரையின் சுவடு உண்டென்று அறிவது பெருமை மட்டுமன்று. அம்மண்ணைப் பேணும் கடமையையும் அது உணர்த்துகிறது.