மந்தனும் அவன் கறுப்பு வஸ்திரமும்

புதுக்கோட்டைக்கு அருகே, முதலாம் ஆதித்த சோழன் காலத்துக் கற்றளியாகிய திருக்கட்டளைச் சுந்தரேசுவரர் ஆலயத்தை வலம் வருவோர், மூலவரைச் சூழ்ந்த சிறு பரிவாரக் கோயில்களிடையே சூரியனுக்கும் சந்திரனுக்கும் தனித்தனியே இடம் வகுத்திருக்கக் காண்பார்களேயன்றி, சனிக்கு அவ்வரிசையில் ஒரு சந்நிதியைக் காணமாட்டார்கள். ஒன்பது கிரகங்களையும் ஒரே மேடையில் நிறுத்தி வழிபடுவது பிற்காலத்தில் பரவிய வழக்கம். இன்றோ, ஏழரைச் சனியும் அஷ்டமச் சனியும் வாட்டுவதாக அஞ்சுவோர் அறந்தாங்கிப் பக்கத்து எட்டியத்தளி அகத்தீசுவரர் கோயிலை நாடிச் செல்கிறார்கள்.

அச்சம் பிற்காலத்தில் வளர்ந்ததாயினும் அறிவு பழையது. சனைச்சரன், மந்தன் என்ற திருநாமங்கள் இரண்டும் மெல்ல நடப்பவன் என்ற ஒரே பொருளையே தருவன. ஒரு ராசியைக் கடக்க இரண்டரை ஆண்டு, வானை ஒருமுறை சுற்றிவர ஏறத்தாழ முப்பது ஆண்டு என்று, கருவி எதுவுமின்றி, தலைமுறை தலைமுறையாக இரவுகளில் விழித்திருந்து கணித்தவர்களின் பொறுமையை நினைக்குந்தோறும் என் உள்ளம் வணங்குகிறது. முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, தாழ்ந்தவனும் இல்லை என்று நம் கிராமங்களில் சொல்வதும் இந்தக் கணக்குத்தான்.

நடையில் மந்தனேயாயினும் தன் அச்சில் அவன் மகா வேகி. பூமியைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல் குறுக்களவு கொண்ட அப்பேருடல், ஏறத்தாழப் பத்தரை மணி நேரத்திலேயே ஒருமுறை சுழன்றுவிடுவதால், துருவங்களில் தட்டையாகி நடுவில் பருத்திருக்கிறது. பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமுமே ஆனபடியால் நீரினும் அடர்த்தி குறைந்தது. கால் ஊன்றிநிற்கத் திடமான தரை அங்கே இல்லை.

அவனைச் சூழ்ந்த வளையங்களைப் பற்றிய அறிவில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. 1792-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுந்த வான ஆராய்ச்சி நிலையத்தின் கருங்கல் தூணில், குடுமியான்மலையிலே சங்கீதத்தையே கல்லில் பொறித்த நாட்டுக்கு இசைந்தாற்போல, தமிழும் வெட்டப்பட்டிருக்கிறது. அங்கே தலைவராயிருந்த கேப்டன் ஜேக்கப், 1850-இல் கண்டறியப்பட்ட மங்கிய உள்வளையத்தை 1852-இல் ஆராய்ந்தபோது, அதனூடே கிரகத்தின் உடல் தெரிவதைக் கண்டார். மால்டா தீவிலிருந்த வானியலறிஞர் லாசலும் ஏறக்குறைய அதே காலத்தில் அதைக் கண்டார். ஊடே தெரியும் விளிம்பு சிறிதும் கோணாதிருப்பதால், ஒளி கண்ணாடி போன்ற ஒரு பொருளைத் துளைத்து வரவில்லை, சிதறிய துணுக்குகளின் இடைவெளிகளால் வருகிறது என்று பௌதிக அறிஞர் மாக்ஸ்வெல் 1859-இல் எழுதினார். அத்துணுக்குகள் பெரும்பாலும் பனிக்கட்டியே என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அந்த வளையத்துக்கு மேனாட்டார் இட்ட பெயர் ‘கிரேப்’ என்பது. துக்கத்தில் அணியும் மெல்லிய கறுப்புத் துணியை அது குறிக்கும். நம் கோயில்களிலோ, சனி பகவானுக்குக் கறுப்பு வஸ்திரம் சாத்தி வருகிறோம்.