புல்வெளியும் பொதுநிலமும்

இயற்கையைக் காத்தல் அரசியல் கலவாத நற்பணி என்று கருதுவோர் நம்மிடையே பலருளர். அருகிவரும் ஒரு விலங்கைக் காப்பதிலே கட்சியேது, வர்க்கமேது என்பது அவர்தம் வினா. ஆயின், ஒரு புல்வெளி எவ்வாறு அழிந்தது, அதனை மீட்க முனைந்தோர் யாவர், அம்மீட்சிக்கு விலை கொடுத்தோர் யாவர் என்று வரலாற்று நோக்கில் ஆராயுமிடத்து இக்கருத்து நிலைபெறுவதில்லை. வட அமெரிக்கப் பெருஞ்சமவெளியிலே, பைசன் எனப்படும் காட்டெருமை அழிவின் விளிம்புவரை சென்று மீண்ட கதை இதற்குத் தக்க சான்றாகும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சமவெளியில் ஏறத்தாழ 3 கோடி பைசன்கள் திரிந்தன என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு. லக்கோட்டா, பிளாக்பீட், செயேன் முதலிய குடிகளுக்கு உணவு, உடை, கூடாரம், கருவி யாவும் அவ்விலங்கிலிருந்தே கிடைத்தன. 1889இல் வில்லியம் ஹோர்னடே என்பார் கணக்கெடுத்தபோது, வட அமெரிக்கா முழுவதிலும் எஞ்சியிருந்தவை 1,091 மட்டுமே.

இவ்வழிவிற்குக் காரணம் பல. வரட்சியும் கால்நடை நோய்களும் அவற்றுட் சில. தோல் வணிகம் பூர்வீகக் குடிகளையும் தன் வலைக்குள் ஈர்த்தது என்பதை மறைத்தல் வரலாறாகாது. எனினும், தீர்க்கமான அடி 1870களிலேயே விழுந்தது. பைசன் தோலைத் தொழிற்சாலைக்கேற்ற தடித்த தோலாகப் பதனிடும் முறை கைவந்ததும், இயந்திரச் சக்கரங்களைச் சுழற்றும் பட்டிகளுக்கு அது வேண்டப்பட்டது. புகையிரதம் வேட்டைக்காரரைக் கொண்டுவந்தது, தோலைக் கொண்டுசென்றது. உரிக்கப்பட்ட உடல்கள் வெளியிற் கிடந்து அழுகின. பின்னர் எலும்புகளும் பொறுக்கப்பட்டு உரத்திற்கும் சீனி சுத்திகரிப்பிற்கும் விலையாயின.

சந்தை செய்த இவ்வேலை ஆட்சியாளருக்கும் உவப்பானதே. பைசன் மறைந்தால் குடிகள் அலைந்து வாழும் வாழ்வைக் கைவிட்டு அடங்குவர் என்ற எண்ணத்தை, உள்நாட்டு அமைச்சராயிருந்த கொலம்பஸ் டெலானோ 1873ஆம் ஆண்டு அறிக்கையிலே ஒளிவின்றி வெளியிட்டார். மறு ஆண்டில் பைசனைக் காக்கும் மசோதாவொன்றைக் காங்கிரஸ் நிறைவேற்றியபோது, ஜனாதிபதி கிரான்ட் அதிற் கையொப்பமிடாது விட்டார். மசோதா சட்டமாகாமலே ஒழிந்தது. ஒரு மக்களை அடக்குவதற்கு அவர்களின் உணவை அழித்தல் போதுமென்பதை அவ்வாட்சி நன்கறிந்திருந்தது.

இனி, மீட்பின் கதைக்கு வருவோம். மொன்டானாவின் மலைகளுக்கு மேற்கே பிளட்ஹெட் ஒதுக்குநிலம் உள்ளது. 1855ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தால் தம் தாயகத்தின் பெரும்பகுதியை இழந்த சேலிஷ், கூட்டினை, பென்டோரே குடிகள் தமக்கெனக் காத்துக்கொண்ட நிலம் அது. கிழக்குச் சமவெளியிலிருந்து சில பைசன்களை இங்கு கொண்டுவந்து பெருக்கலாமென்று அட்டாட்டிசே என்பவர் குடியவையிலே எடுத்துரைத்தார். அவை ஒருமனப்படாமையால் அவர் அதனைக் கைவிட்டார். பின்னர், 1870களில், அவர் மகன் லாடாடி கன்றுகள் சிலவற்றை மலை கடந்து ஓட்டிவந்தார். ஆறு கன்றுகள் உயிருடன் வந்து சேர்ந்தன. இது அக்குடிகளின் வாய்மொழி வரலாறு. ஏட்டிலெழுதிய வரலாறோ நெடுங்காலம் இவ்விருவரின் பெயரையும் கூறாது, அம்மந்தையைப் பிற்காலத்தில் விற்றவரையே அதன் தோற்றுநராகக் காட்டிவந்தது.

1884இல் அம்மந்தை மிஷெல் பாப்லோ, சார்ள்ஸ் அலார்ட் என்னும் இருவர் கைக்கு மாறியது. பெயரளவில் அது தனியுடைமை. ஆனால் மேய்ந்ததோ வேலியற்ற பொதுநிலத்தில். ஆற்றோரப் புல்வெளி குடிகள் அனைவருக்கும் உரியதாயிருந்தமையாலேயே ஆறு கன்றுகளின் வழித்தோன்றல்கள் நூற்றுக்கணக்கிற் பெருக முடிந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அப்பொதுமையின்மீதே அடுத்த அடி விழுந்தது. 1904ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்குநிலத்தைத் தனித்தனித் துண்டுகளாக்கி, மிகுதியை வெளியிலிருந்து வரும் குடியேறிகளுக்குத் திறந்துவிட வழிசெய்தது. மேய்ச்சல் வெளியை இழக்கவிருந்த பாப்லோ தம் மந்தையை ஐக்கிய அமெரிக்க அரசு வாங்கவேண்டுமென விரும்பினார், அது வாங்கவில்லை. 1907இல் கனடா அரசு வாங்கியது. பிடிக்க வருவோரை முட்டியும் வேலிகளை உடைத்தும் பைசன்கள் தப்பியோட, ஏறத்தாழ 700 விலங்குகளைப் புகையிரதத்தில் ஏற்றி முடிக்க 1912 வரை சென்றது.

இங்கேதான் வரலாறு தன் கொடிய முரணைக் காட்டுகின்றது. 1905இல் நிறுவப்பெற்ற அமெரிக்கப் பைசன் சங்கம், அழிவிலிருந்து அவ்விலங்கைக் காக்கப் பாடுபட்டது. அதன் உறுப்பினரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவேண்டியதில்லை. அவர்தம் முயற்சியால் 1908இல் ஜனாதிபதி தியோடர் றூஸ்வெல்ட் தேசிய பைசன் வெளியை நிறுவும் சட்டத்திற் கையொப்பமிட்டார். அதற்காக 18,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் எடுக்கப்பட்டது. அதே பிளட்ஹெட் ஒதுக்குநிலத்தின் நடுவிலிருந்து, குடிகளின் இணக்கமின்றியே எடுக்கப்பட்டது. பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி மறு ஆண்டில் அங்கு விடப்பட்ட பைசன்களுட் பெரும்பாலானவை அலார்ட்டின் பங்கிலிருந்து வந்த மந்தையைச் சேர்ந்தவை. குடிகள் காத்த விலங்கை, குடிகளின் நிலத்திலேயே விட்டு, குடிகளை மட்டும் வேலிக்கு வெளியே நிறுத்தினர்!

அவர்களோ அதனை மறக்கவில்லை. அந்நிலம் எடுக்கப்பட்டமை அரசியலமைப்பிற்கு மாறானதென 1971இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் இழப்பீடு கிடைத்ததேயன்றி நிலம் கிடைக்கவில்லை. 2005இலும் 2008இலும் செய்யப்பெற்ற கூட்டுப்பணி உடன்படிக்கைகளும் நீடிக்கவில்லை. இறுதியாக, 2020 டிசம்பரில் நிறைவேறிய சட்டத்தால் அவ்வெளி சேலிஷ், கூட்டினை கூட்டுக்குடிகளுக்குத் திரும்பியது. 112 ஆண்டுகள் சென்றபின் வந்த நீதி அது.

இதற்கிடையே பிற குடிகளும் ஒன்றுகூடலாயின. 1992இல் பத்தொன்பது குடிகள் இணைந்து தொடங்கிய பைசன் கூட்டமைப்பில் இன்று எண்பதுக்கு மேற்பட்ட குடிகள் உள்ளன. 2014இல் ஐக்கிய அமெரிக்காவையும் கனடாவையும் சேர்ந்த குடிகள், இடையே கீறப்பட்ட எல்லையைப் பொருட்படுத்தாது, பைசன் ஒப்பந்தமொன்றிற் கைச்சாத்திட்டன. 2016இல், பாப்லோவின் மந்தை வழிவந்த எண்பதுக்கு மேற்பட்ட பைசன்கள் கனடாவின் எல்க் தீவுப் பூங்காவிலிருந்து பிளாக்பீட் நிலத்திற்கு வந்தன. தம் முன்னோர் கன்றுகளாய் நீங்கிய மலையடிவாரத்திற்கு அவை திரும்பின என அம்மக்கள் மகிழ்ந்தனர்.

பைசனின் மீட்சி புல்வெளியின் மீட்சியுமாகும். அது புரண்டெழும் பள்ளங்களில் மழைநீர் தேங்கித் தவளைக்கும் ஈரநிலச் செடிக்கும் இடமாகின்றது. ஓங்கி வளரும் புல்லையே அது விரும்பி மேய்வதால், ஏனைய செடிகளுக்கு ஒளியும் இடமும் கிட்டுகின்றன. கன்சாஸ் மாநிலத்துக் கொன்சா புல்வெளியில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடந்து 2022இல் வெளியான ஆய்வு, பைசன் மேய்ந்த நிலத்திலே தாவர வகைகள் ஏறத்தாழ இருமடங்காயின என்றும், மாடுகள் மேய்ந்த நிலத்தில் அத்துணைப் பெருக்கம் ஏற்படவில்லை என்றும் காட்டியது. வாய்மொழியாய்க் குடிகள் காத்துவந்த அறிவிற்கும் விஞ்ஞானியின் அளவுகோலுக்கும் இங்குப் பகைமையில்லை.

எனினும், பணி முடிந்துவிட்டதென்று எண்ணுதல் தவறு. இன்றுள்ள பைசன்களிற் பெரும்பாலானவை இறைச்சிக்காக வளர்க்கப்படும் தனியார் மந்தைகளைச் சேர்ந்தவை. யெலோஸ்டோன் பூங்காவின் எல்லையைத் தாண்டிக் குளிர்காலத்தில் வெளியேறுபவை, கால்நடைகளுக்கு நோய் பரப்புமென்ற அச்சத்தால் இன்றும் கொல்லப்படுவதுண்டு. விலங்கின் எண்ணிக்கை கூடுவதனால் மட்டும் புல்வெளி மீண்டுவிடாது.

வகுப்பறையிலே பைசனின் கதை பெரும்பாலும் அழிவின் கதையாகவே கூறப்படுகின்றது. சில வேளைகளில், பெருமனங்கொண்ட சிலரின் காப்புக் கதையாகக் கூறப்படுகின்றது. மாணவர்க்கு நாம் கூறவேண்டிய கதை வேறு. ஆறு கன்றுகளைக் காத்தது பொதுநிலம். அதனைக் கூறுபோட்ட சட்டமே மந்தையையும் சிதறடித்தது. நிலத்தோடு வாழ்ந்த மக்களை அகற்றிவிட்டு நிலத்தைக் காக்க முனைவோர், காப்பின் பெயரால் இன்னொரு கொள்ளைக்குத் துணைபோகின்றனர். உழைத்துக் காத்தவரின் கையிலே உரிமையும் சேரும்போதே புல்வெளி முழுமையாக உயிர்பெறும்.