மணலில் எழுதிப் பழகியவர்

ஆபீஸ் மீட்டிங்கில் பதில் தெரிஞ்சும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவர்களை இருபது வருஷமாகப் பார்க்கிறேன். நானும் அப்படி இருந்தவன்தான். இங்கிலீஷ்ல ஒரு தப்பு வந்துட்டா சிரிப்பாங்களோங்கிற பயம். இந்தப் பேச்சு வந்தாலே எனக்கு சீகன்பால்கு ஞாபகம் வரும்.

எங்க ஊர் ஜெகதாப்பட்டினத்திலிருந்து கடற்கரையோரமாகவே வடக்கே போனால், நாகப்பட்டினம், காரைக்கால் தாண்டி தரங்கம்பாடி. அன்றைக்கு அது டேனிஷ்காரர்கள் கையில் இருந்த துறைமுகம். டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பிவைத்த ஜெர்மன் பாதிரியாரான சீகன்பால்கு, 1706 ஜூலை 9 அன்று அங்கே வந்து இறங்கினார். வயது ஏறக்குறைய 24.

ஐரோப்பியர்களோடு பழகியவர்களிடம் பேச போர்ச்சுகீசிய மொழியே போதும். ஊர் ஜனங்களிடம் பேசத் தமிழ் வேணும். என்ன செய்தார்? ஒரு வயசான வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வந்து பள்ளி நடத்தச் சொன்னார். அந்தப் பிள்ளைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுத்துப் பழகினார்.

மணலில் தப்பா எழுதினால் கையால் தடவிவிட்டால் போச்சு. பக்கத்துப் பொடியனும் அதே தப்பைத்தான் பண்ணிக்கொண்டிருப்பான். அங்கே தப்பு அவமானம் இல்லை, பாடத்தில் ஒரு பகுதி.

வாத்தியாருக்குப் போர்ச்சுகீசியம் தெரியாது. எழுத்து வந்தது, அர்த்தம் வரவில்லை. அதற்கு அழகப்பன் கிடைத்தார். கம்பெனியில் துபாஷியாக இருந்தவர், ஐரோப்பிய மொழிகள் சிலவும் அறிந்தவர். அவரோடு பேசிப் பேசித்தான் சீகன்பால்குவுக்குப் பேச்சு வந்தது. 1707 ஆகஸ்டில் திறந்த சிறிய தேவாலயத்தில் தமிழிலும் பிரசங்கம் நடந்தது. 1715-இல் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான்.

தமிழ் சுத்தமாக இருந்ததா? இல்லை. வீரமாமுனிவர் தன் ‘வேத விளக்க’த்தில் அந்த நடையை வறுத்தெடுத்தார். அவரும் இத்தாலியிலிருந்து வந்து தமிழ் படித்தவர்தான்! கேலியில் நியாயமும் இருந்தது. ஆனால், தப்பில்லாத தமிழ் வரட்டும் என்று சீகன்பால்கு காத்திருந்தால் எதுவுமே நடந்திருக்காது. 1719-இல் இறந்தபோது அவருக்கு வயது 36தான்.

டீமுக்குப் புதுசா வரும் பசங்களிடம் இப்போதெல்லாம் “தைரியமா பேசு”ன்னு சொல்றதில்லை. உன்னை மாதிரியே தடுமாறும் நாலு பேரைச் சேர்த்துக்கிட்டு தினமும் பேசிப் பாருன்னு சொல்றேன். மேனேஜர் மீட்டிங் அப்புறம். முதல்ல மணல் வேணும்.