மாலைதீவுக்கு டிக்கெட் போட முன் கொஞ்சம் வரலாறு



டிசம்பர் விடுமுறை கிட்ட வரும்போது "சேர், மாலைதீவுக்குக் குடும்பத்தோட போறதெண்டா எவ்வளவு முடியும்?" என்று கேட்பவர்கள் கூடிவிடுவார்கள். டிக்கெட் விலையை ஏஜென்சிக்காரரிடம் கேளுங்கள். நான் வரலாறு படிப்பிக்கிறவன், என் பங்குக்கு வேறொன்றைச் சொல்கிறேன்.

மாலைதீவு விளம்பரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். நீலக் கடல், வெள்ளை மணல், தண்ணீருக்கு மேலே மரக் குடில், சாய்ந்த ஒரு தென்னை. அந்த நாட்டு மனிதர் ஒருவரும் இருக்கமாட்டார். 5 இலட்சம் பேர் வாழும் நாடு அது. பள்ளிவாசலும் பாடசாலையும் மீன் சந்தையும் உள்ள நாடு. அவர்கள் ஏன் படத்தில் இல்லை? அதற்குப் பின்னால் பல வருட அரச கொள்கை ஒன்று இருக்கிறது.

முதலில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள உறவு. நாம் சம்பலில் இடித்துப் போடும் மாசி அங்கிருந்து வந்தது. திவெஹி மொழியில் 'மஸ்' என்றால் மீன். 1343இல் மாலைதீவுக்குப் போன இப்னு பதூதா இந்த மீனைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கு கடலில் எடுத்த சோழிகள் வங்காளத்துக்கு ஏற்றுமதியானதையும் எழுதினார். பல வருடங்களுக்குப் பிறகு மேற்கு ஆபிரிக்காவின் மாலி நாட்டில் அதே சோழி பணமாகப் புழங்கியதைக் கண்டார். அவர் அங்கே காதியாகவும் இருந்தார். அப்போது ஆட்சியில் இருந்தவர் ஓர் அரசி. தீவுப் பெண்களின் உடை வழக்கத்தை மாற்றத் தான் எடுத்த முயற்சி பலிக்கவில்லை என்று அவரே சொல்கிறார். 1153இல் இஸ்லாத்தை ஏற்ற மக்கள்தான். ஆனாலும் வெளியிலிருந்து வந்தவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டவில்லை. அங்கிருந்து அவர் நேரே நம் நாட்டுக்கு வந்து பாவாத மலை ஏறினார்.

1887இல் மாலைதீவு பிரித்தானியப் பாதுகாப்பின் கீழ் வந்தபோது அந்த விவகாரங்களைப் பார்த்தவர் இலங்கையில் இருந்த ஆளுநர். 1965 ஜூலை 26இல் சுதந்திர உடன்படிக்கை கையெழுத்தானதும் கொழும்பில்தான். மாசியோடு வந்த ஓடங்கள் அரிசியும் சீனியும் ஏற்றிக்கொண்டு திரும்பின. அவர்களின் பிள்ளைகள் படிக்க வந்ததும் கொழும்புக்கே.

உல்லாசப் பயணத் துறை தொடங்கிய கதையும் கொழும்பில்தான் ஆரம்பிக்கிறது. 1960களில் வந்த ஐ.நா. குழுவொன்று மாலைதீவு சுற்றுலாவுக்குச் சரிவராது என்று சொல்லிவிட்டுப் போனது. வங்கி இல்லை, வெளியுலகத்தோடு ஒழுங்கான தொலைபேசித் தொடர்பு இல்லை, ஹுல்ஹுலேயில் ஒரு சிறு ஓடுபாதை மட்டும். 1971இல் ஜோர்ஜ் கோர்பின் என்ற இத்தாலியப் பயண முகவர், யாரும் போகாத தீவுகளைத் தேடிக்கொண்டிருந்தார். கொழும்பில் மாலைதீவுத் தூதரகத்தில் பணியாற்றிய அஹமட் நஸீமைச் சந்தித்து, சரக்குக் கப்பலில் மாலே போய்ச் சேர்ந்தார். 1972 பெப்ரவரியில் 22 பேரோடு திரும்பி வந்தார். ஹோட்டல் இல்லை. மாலேயில் மூன்று வீடுகளில் தங்கினார்கள். கவனியுங்கள், முதல் உல்லாசப் பயணிகள் தங்கியது மக்களின் வீடுகளில்.

அதே 1972 ஒக்டோபர் 3இல் குரும்பா ரிசோர்ட் திறந்தது. முப்பது அறைகள், பவளக் கல் சுவர், தென்னோலைக் கூரை. 'குரும்பா' என்றால் திவெஹியில் இளநீர்க் காய், நம் 'குரும்பை'க்கு உறவான சொல். அந்தக் காலத்தில் அவர்களுக்கு வேறு வழியும் குறைவாக இருந்தது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டில் இலங்கை இறக்குமதியை வெட்ட, மாசிச் சந்தை விழுந்தது. ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த நாட்டுக்கு அது பெரிய அடி. 1976இல் பிரித்தானியர் கன் தீவு விமானத் தளத்தையும் மூடிவிட்டுப் போனார்கள். உல்லாசப் பயணி வந்தது இந்த இடைவெளிக்குள்தான்.

ஆனால் ஒரு கேள்வி எழுந்தது. முஸ்லிம் நாடு, சிறிய தீவுகள், சில நூறு பேர் வாழும் ஊர்கள். மதுவும் கடற்கரை உடையும் அங்கே வந்தால் என்னவாகும்? அரசு கண்ட தீர்வு 'ஒரு தீவு, ஒரு ரிசோர்ட்'. சுமார் 1,200 தீவுகளில் மக்கள் வாழ்வது ஏறத்தாழ 200இல்தான். மற்றவற்றில் சிலதை ரிசோர்ட்டுக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். மது அங்கே மட்டும். 1980களிலிருந்து மக்கள் வாழும் தீவுகளில் வெளிநாட்டுப் பயணிகள் தங்குவது தடுக்கப்பட்டது.

இதில் நியாயம் இருந்ததை மறுக்க முடியாது. ஊர்களின் வாழ்க்கை முறை காப்பாற்றப்பட்டது. ஒரு தீவில் எத்தனை அறை கட்டலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இருந்தது. ஆனால் விலையும் இருந்தது. தன் ஊருக்கு முன்னால் உள்ள தீவில் வெளிநாட்டுக்காரன் ஓர் இரவுக்குக் கொடுக்கும் பணம், மீன்பிடிக்கும் குடும்பத்துக்கு நேரடியாக வந்து சேராது. இலாபம் குத்தகை எடுத்தவர்களிடம். இளைஞர்கள் வேலைக்காக வீட்டைவிட்டு ரிசோர்ட் தீவில் மாதக்கணக்கில் தங்கவேண்டும், பெண்களுக்கு அதுவும் கஷ்டம். கலாசாரத்தைக் காத்த அதே வேலி வருமானத்தையும் வெளியே நிறுத்தியது.

2009இல் தான் அந்த வேலி திறந்தது. மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதி நடத்த அனுமதி வந்தது. மாஃபுஷி போன்ற ஊர்களில் சாதாரணக் குடும்பங்கள் அறை கட்டி வாடகைக்கு விட்டன. சுற்றுலா தங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று பயந்தவர்களும் இருந்தார்கள். ஊர்கள் தாங்களே வழி கண்டன. நீச்சல் உடைக்கு ஒரு கடற்கரையை ஒதுக்கினார்கள், ஊருக்குள் ஒழுங்காக உடுக்கச் சொன்னார்கள், மது இல்லை. வேலியை எங்கே போடுவது என்பதை இப்போது அங்கே வாழ்பவர்களும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள். எனக்குப் பெரிய மாற்றமாகத் தெரிவது அதுதான்.

இனி உங்கள் பயணத்துக்கு வருவோம். ஆசிரியர் சம்பளத்தில் ரிசோர்ட் எட்டாது என்று சோர்ந்துபோகவேண்டாம். கொழும்பிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம். இலங்கையருக்கு வந்திறங்கியதும் 30 நாள் விசா இலவசம். ஆனால் வருமுன் இணையத்தில் பயணிப் படிவம் நிரப்பவேண்டும். மக்கள் வாழும் தீவொன்றில் தங்குங்கள். ஹலால் சாப்பாட்டுக்கு யோசிக்கத் தேவையில்லை, பாங்கு சத்தம் அறைக்கே கேட்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அமைதி. மே முதல் ஒக்டோபர் வரை தென்மேல் பருவக்காற்று, சிறு பிள்ளைகளோடு ஸ்பீட் போட்டில் போவதென்றால் யோசியுங்கள். வெள்ளிக்கிழமை படகுச் சேவை உண்டா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாலேயில் அரைநாளாவது நில்லுங்கள். 1658இல் பவளக் கல்லைச் செதுக்கிக் கட்டிய ஹுகுரு மிஸ்கி என்ற ஜும்ஆப் பள்ளியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மீன் சந்தைக்குக் கூட்டிப்போங்கள். நம் வீட்டுச் சம்பலில் இருப்பது எந்தக் கடலிலிருந்து வந்தது, யார் பிடித்தது என்று அங்கே சொல்லிக்கொடுங்கள். தீவின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். கடல் உயர்ந்தால் ரிசோர்ட்காரர் வேறு நாட்டில் முதலிடலாம். அந்தச் சந்தையில் மீன் வெட்டுகிறவருக்குப் போக இடமில்லை.

போய் வந்தவர்கள், நீங்கள் தங்கிய ஊரையும் வீட்டுக்காரர்களோடு பேசியதையும் கமெண்டில் எழுதுங்கள். கடலின் படம் எல்லோரிடமும் இருக்கிறது.